பலகையில் இரண்டு விலை

1967 நவம்பர் 24, வெள்ளிக்கிழமை. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் தொழிலாளர் கட்சி ஹர்த்தாலுக்கு அழைத்திருந்தது. கடையடைப்பாகத் தொடங்கியது கலவரமாக மாறி, ஊரடங்கில் போய் நின்றது. சண்டை ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு டாலருக்கு, பதினைந்து காசைப் பற்றியது.

அந்த ஆண்டு ஜூன் 12 அன்று மலேசியா தன் சொந்த நோட்டுகளை வெளியிட்டது. பழைய நோட்டுகளும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கூடவே செல்லுபடியாகும் என்று சொல்லியிருந்தார்கள். நவம்பரில் பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பை 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40க்கு இறக்கியது. பழைய நோட்டு பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது, புதியது அதனோடு சேர்ந்து இறங்கவில்லை. ஆக, பழைய ஒரு வெள்ளிக்குப் புதிய காசில் 85 என்றானது. மாற்றிக்கொள்ள அவசரப்படாமல் தகரப்பெட்டியிலும் முந்தானை முடிச்சிலும் பணம் வைத்திருந்தவர்கள்தான் இதில் அடிபட்டார்கள். பழைய நோட்டு 1969 ஜனவரி 16 அன்று செல்லாததாகி ஓய்ந்தது.

அதே நோட்டுகள் இன்று பினாங்கின் மணிசேஞ்சர் கடைகளிலும் பழங்காசுக் கடைகளிலும் கண்ணாடிக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறை போட்டு உட்கார்ந்திருக்கின்றன. பாய்மரப் படகு போட்ட 1959ஆம் ஆண்டு ஒரு வெள்ளி, எருமை பூட்டி உழும் 1961ஆம் ஆண்டு பத்து வெள்ளி. மடிப்பு விழாத ஒன்றுக்குக் கேட்கிற விலை, முகமதிப்புக்குப் பல மடங்கு மேலே நிற்கிறது. அன்று 85 காசுக்கு மாற்றிக்கொண்டவரின் பேரன், மிச்சமிருந்த ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு இப்போது அதே மாதிரிக் கடைக்கு வருகிறான். அவனுக்கு என்ன கிடைக்கிறது?

வியாபாரி சேகரிப்பாளரை ஏமாற்றுகிறாரா என்ற பேச்சு எழுந்தால் பெரும்பாலும் விற்கும் விலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அது பாதி வழக்குதான். மணிசேஞ்சர் கடைப் பலகையைப் பாருங்கள். ரூபாய், ரூப்பியா, பாட், யென் என்று ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் எதிரே வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கடைக்காரரின் லாபம் அந்த இரண்டுக்கும் இடையில் எல்லோர் கண்ணெதிரிலும் தொங்குகிறது. அதே கடையின் கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் பழைய வெள்ளி டாலருக்கு ஒரு விலைதான், அதுவும் எழுதியிருந்தால். வாங்கும் விலை எங்கேயும் எழுதப்படுவதில்லை. இரண்டு வியாபாரமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. எங்கே பிரிந்தன என்பதுதான் கதை.

1786இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் இறங்கியபோது, காட்டை வெட்ட ஆள் வேண்டுமென்று பீரங்கியில் வெள்ளிக் காசுகளைத் திணித்துக் காட்டுக்குள் சுட்டார் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். உண்மையோ கட்டுக்கதையோ, அந்தக் காலத்தில் வெள்ளிக் காசு என்றால் ஸ்பானிய டாலர்தான். அதில் பொறித்திருந்த இரண்டு தூண்களைப் பீரங்கி என்று எண்ணி மலாய்க்காரர்கள் அதற்குப் பீரங்கி வெள்ளி என்றே பெயர் வைத்தார்கள். மெக்சிகோவிலும் பெருவிலும் தோண்டிய வெள்ளி, மணிலா வழியாகவும் இந்தியா வழியாகவும் இங்கே வந்து சேர்ந்தது.

டாலர் பெரிய காசு. கீரை வாங்க ஆகாது. கிழக்கிந்தியக் கம்பெனி 1787இலேயே தன் மூட்டை முத்திரை போட்ட செப்புக் காசுகளைக் கல்கத்தாவில் அடித்து அனுப்பியது. அடுத்த ஆண்டு அரை, கால், பத்தில் ஒரு பங்கு என்று சிறு வெள்ளிக் காசுகளும் வந்தன. போதவில்லை. தீவின் நிர்வாகிகள் வெள்ளீயத்தில் காசு வார்த்தார்கள். ஈயம் விளைகிற நாட்டில், அடுப்படி நெருப்புக்கே உருகும் உலோகத்தில் காசு அடித்தால் கள்ளக் காசு வராமல் இருக்குமா? 1810, 1825, 1828 என்று செப்புக் காசுகள் மறுபடி வந்தன. கூடவே சிங்கப்பூர் வணிகர்கள் இங்கிலாந்தில் அடித்து இறக்கிய சேவல் காசுகளும் புகுந்தன. மலாய் நாடு என்று எழுத்தும் ஒரு சேவலும் போட்ட அந்தத் துட்டை எந்த அரசும் வெளியிடவில்லை. சேகரிப்பாளர்கள் இன்று அதையும் ஆண்டு வாரியாக, எழுத்து வாரியாகப் பிரித்துத் தேடுகிறார்கள்.

இத்தனை வகைக் காசு புழங்கும் ஊரில் அவற்றைப் பிரித்தறிய ஒருவர் தேவை. அவர்தான் சராப்பு. காசைக் கல்லில் சுண்டி ஓசை கேட்பார், தராசில் நிறுப்பார், விளிம்பு சுரண்டப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவுவார். நல்ல டாலருக்கு இவ்வளவு செப்புக் காசு, தேய்ந்ததற்கு இவ்வளவு வட்டம் கழிவு என்று சொல்வார். சீனாவுக்குப் போய்வந்த டாலர்களில் அங்குள்ள சராப்புகளும் வணிகர்களும் குத்திய சிறு சிறு முத்திரைகள் இருக்கும். முத்திரை கூடக் கூடக் காசு தன் முகத்தை இழந்து, எடை போட்டு வாங்கும் வெள்ளிக் கட்டியாகிவிடும்.

ஜார்ஜ் டவுனில் காசு மாற்றும் தொழில் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள் கையில் வந்தது. சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட அவர்கள் கம்பெனி ஆட்சியின் ஆரம்பத்திலேயே இங்கே கடை போட்டிருந்தார்கள். அவர்களின் தலைவர் காதர் முகைதீன் 1801இல் கட்டிய பள்ளிவாசல்தான் கப்பித்தான் கெலிங் பள்ளி. அதைச் சுற்றிய தெருக்களில் நகைக்கடையும் காசுக்கடையும் நெருங்கி அமைந்தன. ராமநாதபுரத்துக் கடலோர ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஐந்தடிப் பாதையில் ஒரு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு பூட்டு என்று தொழிலைத் தொடங்கிவிடலாம். பக்கத்துப் பினாங்குத் தெருவில் நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. 1857இலேயே தண்ணீர்மலை சாலையில் கோயில் எழுப்பிவிட்ட அவர்களின் தொழில் வேறு, வட்டிக்குக் கொடுப்பது.

அந்தக் காலத்து சராப்பு யோக்கியர் என்று சொல்ல வரவில்லை. தராசுக் கல்லில் கள்ளம் உண்டு, படிக்கத் தெரியாத கூலியாளிடம் கூடுதல் வட்டம் பிடிப்பதும் உண்டு. ஆனால் அவர் வாங்கும்போதும் விற்கும்போதும் அதே தராசு, அதே ஓசை. காசில் குறை என்று சொல்லி வாங்கியதை, குறை இல்லை என்று சொல்லி அடுத்தவர் தலையில் கட்ட முடியாது. அடுத்தவரும் சுண்டிப் பார்ப்பார். பத்தடி தள்ளி இன்னொரு மேசையும் இருக்கிறது. விலை பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம்.

அரசாங்கமே சராப்பாக மாறியபோது நிலைமை வேறானது. 1855இல் கம்பெனி இந்திய ரூபாயின் சில்லறையை இங்கே திணிக்கப் பார்த்தது. நீரிணைக் குடியேற்ற (ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்) வணிகர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். டாலரில் கணக்கு வைத்துச் சீனாவோடு வியாபாரம் செய்கிறவர்களுக்கு ரூபாய் எதற்கு? 1867இல் லண்டனின் நேரடி ஆட்சி வந்ததும் ரூபாய் போய், டாலரே சட்டப்படிப் பணமானது. 1895 முதல், திரிசூலமும் கேடயமும் ஏந்தி நிற்கும் பிரிட்டானியா உருவத்தோடு, ஆங்கிலம், சீனம், ஜாவி மூன்று எழுத்திலும் ஒரு டாலர் என்று பொறித்த பிரிட்டிஷ் வணிக டாலர் வந்தது. எடை 26.95 கிராம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. பெரும்பகுதி பம்பாயில் அடித்தது.

1903இல் ஏழாம் எட்வர்ட் தலை போட்ட ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் வந்தது. அதே எடை, அதே வெள்ளி. மெக்சிகோ டாலரையும் வணிக டாலரையும் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். 1904 ஆகஸ்ட் 31க்குப் பிறகு அவை செல்லாதவை. வாங்கிக் குவித்த பழைய டாலர்கள் பம்பாய்க்குப் போய் உருகிப் புதிய டாலராகத் திரும்பின. 1906இல் ஒரு டாலருக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று விலையைக் கட்டினார்கள். பிறகு வெள்ளி விலை ஏறியது, டாலருக்குள் இருக்கும் வெள்ளி டாலரைவிட விலை போகும் நிலை வந்தது. 1907இல் டாலரின் எடை 20.2 கிராமுக்கு இறங்கியது. ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றித் தந்தவர்களுக்குக் கிடைத்தது கால் பங்கு வெள்ளி குறைந்த காசு. கையெழுத்துப் போட்டு, கெஜட்டில் அச்சிட்டு நடந்த மாற்றம் இது. எந்தச் சராப்பும் ஒரே நாளில் இவ்வளவு வட்டம் பிடித்ததில்லை.

பிறகு ஜப்பானியர். 1941 டிசம்பரில் பினாங்கு விழுந்தது. அவர்கள் அடித்த பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்ததால் எல்லா நோட்டுக்கும் வாழைமர நோட்டு என்று பெயர் வந்தது. மதிப்பு சரியச் சரியக் கடன்காரர்கள் போருக்கு முந்தைய கடனை வாழைமர நோட்டில் தீர்த்தார்கள். செட்டியார்கள் பத்திரத்தைத் திருப்பிக்கொடுத்துவிட்டு, பெட்டி நிறையக் காகிதத்தோடு நின்றார்கள். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் அந்தப் பணத்துக்கு மதிப்பே இல்லை என்று அறிவித்தது. 1948இல் ஆக்கிரமிப்புக் காலக் கடன் சட்டம் வந்தது. மாதத்துக்கு மாதம் ஜப்பானியப் பணம் எவ்வளவு சரிந்தது என்று ஓர் அட்டவணை போட்டு வழக்குகளை மறுகணக்குப் பார்க்க அது வழி செய்தது. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் அட்டவணை என்று ஒன்று எழுத்தில் இருந்தது.

சேகரிப்பாளர் என்ற ஆள் இந்தக் கதைக்குள் பெரிதாக நுழைவது இதற்குப் பிறகுதான். 1955இல் மேஜர் பிரெட் பிரிட்மோர் எழுதிய நீரிணைக் குடியேற்றக் காசுகள் பற்றிய நூலை சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகம் வெளியிட்டது. பினாங்கின் மூட்டை முத்திரைக் காசு முதல் ஜார்ஜ் மன்னரின் சதுரக் காசு வரை எது எத்தனை வகை என்று முதன்முதலாக ஓர் ஒழுங்கு வந்தது. 1986இல் சரண் சிங்கின் மலேசிய, சிங்கப்பூர், புருணை நாணயக் கலைக்களஞ்சியம் வந்தது. அதிலுள்ள வரிசை எண்ணைச் சொன்னாலே இன்றும் வியாபாரிக்குக் காசு எதுவென்று புரியும்.

நூல் வந்தது நல்லது. கூடவே ஒரு மாற்றமும் வந்தது. அதுவரை காசின் மதிப்பு எடையில் இருந்தது, இனி அதன் நிலையில் என்றானது. ஒரே ஆண்டு, ஒரே அச்சு, ஒரே எடை. ஒன்றில் மன்னரின் காதோர முடி தெளிவாக இருக்கிறது, மற்றொன்றில் மழுங்கியிருக்கிறது. விலையில் பத்து மடங்கு வித்தியாசம் வரலாம். முடி தெளிவாக இருக்கிறதா இல்லையா என்பதைத் தராசு சொல்லாது. கண் சொல்ல வேண்டும், அந்தக் கண் வியாபாரியுடையது.

இந்தக் கண்ணுக்கு எண் கொடுக்க முயன்றவர் அமெரிக்கர் வில்லியம் ஷெல்டன். 1949இல் தன் நாட்டுப் பழைய செப்புச் சென்ட்டுகளுக்கு 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். 70 எண் பெற்ற காசு 1 எண் பெற்றதைவிட எழுபது மடங்கு விலை பெறும் என்பது அதன் மூலக்கணக்கு. அந்தக் கணக்கு சீக்கிரமே பொய்த்தது, எண்கள் நிலைத்துவிட்டன. 1986இலும் 1987இலும் அமெரிக்காவில் தொடங்கிய இரண்டு தரச்சான்று நிறுவனங்கள், காசை வியாபாரியிடமிருந்து விலக்கி மூன்றாம் ஆள் பார்த்து எண் போட்டு, பிளாஸ்டிக் வில்லைக்குள் அடைத்துத் தரும் முறையைக் கொண்டுவந்தன. மலேசியச் சேகரிப்பாளர்களும் இன்று அந்த வில்லைகளைத்தான் கேட்கிறார்கள். ஷெல்டனின் கதைக்கு ஒரு வால் உண்டு. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்த நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, தன்னிடமிருந்த மட்டமான காசுகளை அவற்றின் இடத்தில் அவர் வைத்துவிட்டுப் போனது தெரியவந்தது. அளவுகோல் செய்தவரே இப்படி.

பினாங்குக்கு வருவோம். பாட்டி வீட்டு அலமாரியில் கிடந்த வணிக டாலரைப் பேரன் கொண்டுவருகிறான். கறுத்துப் போயிருந்த காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி எடுத்து வந்திருக்கிறான். அங்கேயே பாதி விலை போயிற்று, ஏனென்றால் தேய்த்த காசைச் சேகரிப்பாளர்கள் ஒதுக்குவார்கள். வியாபாரி அதைச் சொல்வார், சொல்வதும் சரி. முத்திரை குத்தியிருந்தால் அதையும் குறையாகக் காட்டுவார். ஒரு மாதம் கழித்து அதே காசு கண்ணாடிக்குப் பின்னால் வரும்போது தேய்த்த கதை அட்டையில் இருக்காது. சீன முத்திரை மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். முத்திரை குத்திய டாலருக்கென்றே தனியாகச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், நல்ல விலை தருவார்கள். இரண்டு பக்கமும் பொய் இல்லை. உண்மையின் பாதியை ஒருவரிடமும் மறு பாதியை மற்றவரிடமும் சொல்வதுதான் நடக்கிறது.

போலி பற்றிய புகார் வேறு வகை. பேராக்கின் வெள்ளீய முதலைக் காசு என்று சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கப்படுவதில் பெரும்பாலானவை பிற்கால வார்ப்புகள். வணிக டாலரும் ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரும் போலியாக ஏராளமாக வருகின்றன. பல போலிகள் காந்தத்தில் ஒட்டும், எடையிலும் குறையும். ஒரு சிறு தராசும் காந்தமும் வைத்திருக்கிற ஆளிடம் அவை செல்லாது, பழைய சராப்பின் வித்தை இந்த இடத்தில் இன்றும் கைகொடுக்கிறது. வாழைமர நோட்டில் ஏமாற்றுவது சுலபம். வரிசை எண் உள்ள ஆரம்ப கால நோட்டுக்கும் எழுத்து மட்டும் உள்ள பிற்கால நோட்டுக்கும் விலை வித்தியாசம் பெரிது, வாங்க வரும் பயணிக்கு அது தெரியாது.

வியாபாரிக்கும் வாதம் உண்டு. பாரம்பரிய நகரமான பிறகு ஜார்ஜ் டவுனின் கடை வாடகை பழைய வாடகை இல்லை. வாங்கிய காசு மூன்று ஆண்டு பெட்டியிலேயே கிடக்கலாம். நூறு காசு பார்த்தால் ஒன்று தேறும், மற்றதைப் பார்த்த நேரத்துக்குக் கூலி யார் தருவார்? சேகரிப்பாளர்களும் சாதுக்கள் இல்லை. தட்டு நிறையக் கிடக்கும் சில்லறையில் 1971ஆம் ஆண்டுப் பத்து காசைத் தேடிக் கண்டுபிடித்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல், வேறு நாலு காசோடு சேர்த்து எடுத்துக்கொண்டு நழுவுகிறவர்கள் அதைத் திறமை என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் சங்ககாலப் பாண்டியர் செப்புக் காசில் பெருவழுதி என்ற பெயரைப் படித்துக் காட்டியபோது வரலாறே ஒரு படி நகர்ந்தது. அத்தகைய காசுகள் வியாபாரிகள் கை வழியாக வந்தவைதான். அது எந்த அரசன் காசு என்று விற்றவருக்குத் தெரிந்திருந்தால் விலை வேறாக இருந்திருக்கும். தெரிந்துகொண்டவர் தெரியாதவரிடம் வாங்குவது இந்தத் தொழிலின் அன்றாடம், எந்தப் பக்கத்தில் நின்றாலும்.

இருந்தாலும் இரண்டு பக்கமும் சமம் என்று விட்டுவிட முடியாது. சேகரிப்பாளர் தெரிந்தே விளையாட வருகிறவர். அலமாரியைக் காலி செய்து கொண்டுவருகிறவர் அப்படி இல்லை. ஜார்ஜ் டவுனில் இப்படிக் காலி செய்வது மொத்தமாக நடந்த காலமும் உண்டு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000 பிறந்ததோடு பழைய கடைவீடுகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. மூட்டை கட்டுகிற அவசரத்தில் தகரப்பெட்டிக் காசை யார் ஆண்டு பார்த்துப் பிரிப்பார்கள்?

சட்டமும் இந்த ஆளைப் பார்ப்பதில்லை. 2011ஆம் ஆண்டுப் பணச்சேவைத் தொழில் சட்டம் மணிசேஞ்சருக்கு உரிமம் கேட்கிறது, பேங்க் நெகாராவின் கண்காணிப்பில் வைக்கிறது. அது நாட்டு நாட்டுப் பணத்துக்கு, செல்லாத பழங்காசுக்கு இல்லை. 1999 ஜூலை 1 முதல் செல்லாததான ஆயிரம் ரிங்கிட் நோட்டு, செல்லுபடியான நாள்வரை ஒரு சட்டத்தின் கீழ் இருந்தது, மறுநாளிலிருந்து வெறும் சாமான். சாமான் வாங்கியவருக்கு 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உண்டு, 50,000 ரிங்கிட் வரை கோரிக்கை கேட்கும் தீர்ப்பாயம் உண்டு. போலிக் காசை விற்ற கடைக்காரரை அங்கே நிறுத்தலாம். ஆனால் பயனீட்டாளர் என்றால் வாங்குகிறவர். தன் பாட்டியின் டாலரை வெள்ளி விலைக்குக் கடையில் விற்றுவிட்டு, அடுத்த வாரம் அதைப் பத்து மடங்கு விலையில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கிறவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் பயனீட்டாளரே இல்லை. அவர் சரக்குக் கொடுத்தவர்.

பழங்காசு வணிகத்தில் நியாயமின்மை எங்கே இருக்கிறது என்று கேட்டால் இந்த மேசையைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. கடைக்காரர் விற்கும் இடத்தில் நூல் இருக்கிறது, வில்லை இருக்கிறது, காந்தம் இருக்கிறது, தீர்ப்பாயம் இருக்கிறது. அவர் வாங்கும் இடத்தில் அவருடைய கண் மட்டும் இருக்கிறது. 1951இல் ஜெனீவாவில் தொடங்கிய பன்னாட்டு நாணய வணிகர் சங்கம்கூடத் தன் உறுப்பினர்கள் விற்கும் காசு அசல் என்று உறுதி தரச் சொல்கிறது. வாங்கும்போது இன்ன விலை தர வேண்டும் என்று எந்தச் சங்கமும் சொல்லத் துணிந்ததில்லை.

கொஞ்சம் நெருங்கி வருவது ஏலம். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நடக்கும் ஏலங்களில் கொடுத்தவரிடமும் எடுத்தவரிடமும் ஏல நிறுவனம் கமிஷன் பிடிக்கிறது. விகிதம் முன்பே அச்சில் இருக்கும், சுத்தியல் விழுந்த விலை இருவருக்கும் தெரியும். மேலே தொங்கும் பலகையின் இரண்டு எண்களுக்கு ஈடு அதுதான். ஆனால் நல்ல காசுதான் ஏலத்துக்கு ஏறும். தேய்ந்த சதுரக் காசும், மடிந்த வாழைமர நோட்டும், புளி போட்டுத் தேய்த்த டாலரும் நிறைந்த தகரப்பெட்டியை அங்கே ஏற்க மாட்டார்கள். அது நகர அரங்கத்தை ஒட்டிய லோரோங் கூலிட் பழஞ்சந்தைக்குப் போகும். பிரித்துப் பார்க்க நேரமில்லாத வியாபாரி பெட்டியோடு ஒரு மொத்த விலை சொல்வார்.